ஆங்கிலம் வராததால்தான் ஆர்ஏசியில் வாயடைத்துப் போனேனா?

புதுச்சேரியில் கணினி அறிவியலில் பிஎச்டி செய்யும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கடலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம், தினமும் பஸ்ஸில் போய்வருகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முந்திரி இலையைப் படம் பிடித்தால் என்ன நோய் என்று சொல்லும் டீப் லேர்னிங் மாடல் (மாதிரிப் படங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல்)தான் ஆய்வுத் தலைப்பு. பண்ருட்டி பக்கத்துத் தோப்புகளில் அலைந்து தன் போனிலேயே எடுத்துச் சேர்த்த படங்கள்தான் டேட்டா. இப்போது மூன்றாம் வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு, அதாவது எல்லோரும் ஆர்ஏசி என்று சொல்கிற குழு, முன்னால் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். போன முறை 48 ஸ்லைடுகளோடு போயிருக்கிறார். முடிவு ஸ்லைடில் மாடல் 97 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று இருந்ததைப் பார்த்து வெளியிலிருந்து வந்த உறுப்பினர் நிறுத்தச் சொல்லி, "ஒரே மரத்தின் படங்கள் டிரெயினிங்கிலும் டெஸ்டிங்கிலும் இருக்கின்றனவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அதாவது, மாடலைப் பழக்கிய அதே மரங்களை வைத்தே அதைச் சோதித்தீர்களா என்று. இவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "சாரி சார்" என்று மட்டும் வந்திருக்கிறது. கைடு குறுக்கே புகுந்து ஏதோ சமாளித்துவிட்டு, பிறகு அறைக்குக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்.

அதிலிருந்து தூக்கமில்லை, பிரசன்டேஷன் என்ற பேச்சை எடுத்தாலே வயிற்றைப் பிசைகிறதாம். இதற்கு நடுவில், அதே லேபில் இருக்கும் சீனியர் ஒருவர் இவருடைய கிராஃப்களை ஒரு கான்ஃபரன்ஸில் தன் பேச்சில் காட்டியிருக்கிறார், இவர் பெயர் எங்கும் இல்லை. இன்னொரு பக்கம், "பிபிடியும் பேப்பரும் நாங்களே செய்து தருகிறோம்" என்று ஒரு ப்ராஜெக்ட் சென்டர் போன் செய்துகொண்டே இருக்கிறது. அடுத்த ஆர்ஏசிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. "எல்லாவற்றுக்கும் என் ஆங்கிலம்தான் காரணம். பேசத் தெரியாதவளுக்கு எதற்கு பிஎச்டி என்று அம்மாவே கேட்கிறார். இந்த முறையும் சொதப்பினால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்களா? அதற்கு முன்னால் நானே விட்டுவிடலாமா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் ஆங்கிலம் என்ற சொல் வராத பத்தியே இல்லை. ஆனால் அந்த உறுப்பினர் கேட்ட கேள்விக்கு விடை என்ன என்பது மட்டும் எங்கேயும் இல்லை. கவனித்தீர்களா? "ஆமாம் சார்" அல்லது "இல்லை சார்" என்று இரண்டு சொல்லில் முடிகிற கேள்வி அது. அதற்கு எந்த மொழிப் புலமையும் வேண்டாம். அவர் அதையே தமிழில் கேட்டிருந்தாலும் உங்களால் அன்றைக்குப் பதில் சொல்லியிருக்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஏனென்றால் விடை உங்களிடமே இல்லை, படங்களைக் கலைத்துப்போட்டு எண்பதுக்கு இருபது என்று பிரித்துவிட்டு மேலே போய்விட்டீர்கள். கணினி அறிவியல் சொல்லிக்கொடுத்து, இப்போது ஆய்வு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது உங்கள் ஒருவர் கதை இல்லை. ஆங்கிலத்தில் பொளந்து கட்டுகிறவர்களும் இதே இடத்தில் மாட்டுவார்கள். என்ன, அவர்கள் ஐந்து நிமிடம் எதையாவது பேசிவிட்டு மாட்டுவார்கள்.

அந்தக் கேள்வியை முதலில் தீருங்கள்

ஐந்து வாரத்தில் முதல் இரண்டு வாரத்தை ஸ்லைடு பக்கமே போகாமல் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு மரத்தடியில் நின்று பத்துப் பதினைந்து படம் எடுத்திருப்பீர்கள். அதே வெயில், அதே செம்மண், அதே கோணம். அவற்றில் பன்னிரண்டு டிரெயினிங்குக்கும் மூன்று டெஸ்டுக்கும் போயிருந்தால், மாடல் நோயைக் கற்றுக்கொண்டதா, அந்த மரத்தைக் கற்றுக்கொண்டதா என்று உங்களுக்கே தெரியாது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. படங்களைத் திருப்பி, புரட்டி, வெளிச்சம் கூட்டிக் குறைத்து எண்ணிக்கையைப் பெருக்கும் ஆக்மென்டேஷனைப் பிரிப்பதற்கு முன்னால் செய்தீர்களா, பின்னால் செய்தீர்களா? முன்னால் செய்திருந்தால் ஒரே இலையின் நகல்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். நான் பார்த்த இலை நோய் ஆய்வுகளில் அடிக்கடி தென்படும் ஓட்டை இதுதான்.

அந்த உறுப்பினர் உங்களை மடக்குவதற்காகக் கேட்கவில்லை என்பதற்கு உங்கள் துறையிலேயே சான்று இருக்கிறது. இலை நோய்ப் படங்களின் தொகுப்பான பிளான்ட்வில்லேஜ் டேட்டாசெட் உங்களுக்குத் தெரியும், 54,306 படங்கள், 14 பயிர்கள், 38 வகைகள். 2016இல் அதை வைத்து வந்த பிரபலமான ஆய்வில் 99.35 சதவீதம் வந்தது. அதே ஆய்வாளர்கள் அதே மாடலை வேறு சூழலில் எடுத்த படங்களில் ஓட்டியபோது 31 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அதை மறைக்காமல் தாங்களே எழுதினார்கள். பிறகு இன்னொரு ஆய்வில், அதே டேட்டாசெட்டின் படங்களில் இலையை விட்டுவிட்டுப் பின்னணியிலிருந்து எட்டே எட்டு பிக்சலை மட்டும் கொடுத்துப் பயிற்றுவித்தார்கள். 49 சதவீதம் சரியாகச் சொன்னது. 38 வகையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொன்னால் மூன்று சதவீதம்கூடத் தேறாது என்பதை நினைத்துப் பாருங்கள். இலையைப் பார்க்காமலே நோயைச் சொல்கிற மாடல்! உங்கள் 97 சதவீதத்தைப் பார்த்ததும் அவருக்கு இதெல்லாம் மனதில் ஓடியிருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் போனில் அசல் படக் கோப்புகள் இருந்தால் தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகியிருக்கும். இருப்பிடப் பதிவு ஓடிக்கொண்டிருந்தால் இடமும் இருக்கும். அதை வைத்து எந்தப் படம் எந்தத் தோப்பு, எந்த மரம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். சலிப்பான வேலைதான், இரண்டு மூன்று நாள் போய்விடும். அப்புறம் ஒரு தோப்பின் படங்கள் முழுவதும் ஒரே பக்கம் வரும்படி பிரியுங்கள். சைகிட்-லேர்ன் என்ற நிரல் தொகுப்பில் குரூப்கேஃபோல்டு என்றே இதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஆக்மென்டேஷன் டிரெயினிங் பக்கத்துக்கு மட்டும்.

எண் குறையும். எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் குறையும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். குறைந்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டினால் மானம் போகும் என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "போன முறை நீங்கள் கேட்ட கேள்வியின்படி மாற்றிப் பிரித்தேன், இவ்வளவு இறங்கியது, இந்த வகையில் அதிகம் இறங்கியது" என்று காட்டுகிற மாணவியை எந்தக் குழுவும் குறைத்து எடைபோடாது. உங்கள் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமே இதில் இருக்கிறது.

கூடவே, மாடல் தப்பாகச் சொன்ன படங்களில் நாலைந்தை எடுத்து உற்றுப் பாருங்கள். தேயிலைக் கொசு என்ற பூச்சி சாறு உறிஞ்சிய இடமும் பழுப்பாகக் காய்கிறது, ஆந்த்ராக்னோஸ் பூஞ்சைப் புள்ளியும் பழுப்பாகத்தான் இருக்கிறது. மாடல் அங்கே தடுமாறினால் அது மாடலின் குறையா, இல்லை லேபிள் போட்டவரே தடுமாறினாரா? லேபிள் போட்டது யார் என்பதும் நிச்சயம் கேட்கப்படும் கேள்வி. நீங்களே போட்டிருந்தால், விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விஆர்ஐ முந்திரி ரகங்கள் வந்த இடம். ஒரு கத்தை படங்களைக் கொண்டுபோய் அங்கே இருப்பவர்களில் ஒருவரைத் தனியாக லேபிள் போடச் சொல்லிக் கேளுங்கள். உங்களுடையதும் அவருடையதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு ஸ்லைடு. அந்த ஒரு ஸ்லைடுக்கு இருக்கிற மதிப்பு உங்கள் பழைய 48இல் பாதிக்கு இருக்காது.

ஸ்லைடும் பேச்சும்

48 ஸ்லைடு என்பது ஒளிந்துகொள்கிற வேலை. சிஎன்என் என்ற மாடல் வகையின் வரலாறு, அதில் ஒன்றான ரெஸ்நெட்டின் படம், முப்பது பேப்பர் அடங்கிய எழுத்துக் கூட்டமாய் ஒரு அட்டவணை... குழுவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும், அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. இருபது நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்துக்கு மேல் வேண்டாம். ஆர்ஏசிக்கு முதல் ஸ்லைடு தலைப்பு, இரண்டாவதே போன கூட்டக் குறிப்பு: குழு என்ன சொன்னது, நான் என்ன செய்தேன், எது பாக்கி. அப்படி ஒரு அட்டவணை போட்டால் பேச்சின் பாதிப் போக்கு உங்கள் கையில் வந்துவிடும். பழைய பிரிப்பும் புதிய பிரிப்பும் பக்கத்தில் பக்கத்தில், தப்பான படங்கள், லேபிள் ஒப்பீடு, எளிய மாடல் ஒன்றோடு ஒப்பீடு, அடுத்த ஆறு மாதத் திட்டம். வகைகளின் எண்ணிக்கை சமமாக இல்லையென்றால் மொத்த அக்யூரசியை மட்டும் காட்டாதீர்கள், வகைவாரியாக எஃப்1 (தவறவிட்டதையும் தப்பாகச் சொன்னதையும் சேர்த்துக் கணக்கிடும் மதிப்பெண்) போடுங்கள். ஒரே ஓட்டத்தின் எண்ணைக் காட்டாமல் வேறு வேறு சீடு (தற்செயல் தேர்வுக்கான தொடக்க எண்) வைத்து ஓட்டிய சராசரியும் விலகலும் காட்டுங்கள். மற்றதெல்லாம் "நன்றி" ஸ்லைடுக்குப் பின்னால் போகட்டும், யாராவது கேட்டால் திறந்து காட்டலாம்.

ஆங்கில விஷயத்துக்கு வருகிறேன். அது பிரச்சினையே இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். கான்ஃபரன்ஸ், வேலைக்கான நேர்காணல் என்று போகும்போது தேவைப்படும், போகப்போக வரும். ஆனால் ஆர்ஏசி என்பது நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறை, அதில் பெரும்பாலும் தமிழ் தெரிந்தவர்கள். ஸ்லைடும் திட்டமிட்ட பேச்சும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கேள்வி நேரத்தில் சிக்கினால், "சார், இதை மட்டும் தமிழில் சொல்லட்டுமா?" என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை. கைடிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தமிழ் தெரியாத உறுப்பினர் இருந்தால் ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து காட்டுங்கள், கணினிக்காரர்கள் பெட்டியும் அம்புக்குறியும் வரைந்தால் புரிந்துகொள்வார்கள்.

பேசிப் பழகுவதற்கு ஒன்று சொல்கிறேன். முதலில் முழுப் பேச்சையும் தமிழில், உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். ஆமாம், "எதற்கு பிஎச்டி" என்று கேட்கிற அதே அம்மாவிடம்தான். முந்திரித் தோப்பைப் பார்த்தே வளர்ந்தவரிடம் இலை நோயைப் பற்றிப் பேசினால் கமிட்டியைவிடக் கூர்மையான கேள்வி வரும். அப்புறம் லேபில் இரண்டு பேரை உட்காரவைத்து ஆங்கிலத்தில், கடிகாரம் வைத்து. மனப்பாடம் வேண்டாம், மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு வரி விட்டுப்போனால் மொத்தமும் போய்விடும். முதல் நாலு வாக்கியத்தை மட்டும் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி வந்ததும் கையில் இருக்கும் தாளில் அதைக் குறித்துக்கொண்டு, "நீங்கள் கேட்பது, ஒரே மரத்தின் படங்கள் இரண்டு பக்கமும் வந்ததா என்பதுதானே சார்?" என்று திருப்பிச் சொல்லுங்கள். கேள்வி சரியாகப் புரிந்ததா என்பதும் தெரிந்துவிடும், மூச்சு விடவும் நேரம் கிடைக்கும். விடை தெரியாவிட்டால் "சாரி சார்" வேண்டாம். "இதைச் சோதித்துப் பார்க்கவில்லை சார், இப்படிச் சோதித்து அடுத்த கூட்டத்தில் காட்டுகிறேன்." போன முறை இந்த ஒரு வாக்கியம் உங்களிடம் இருந்திருந்தால் கைடு குறுக்கே வந்திருக்க மாட்டார்.

வெளியே அனுப்பிவிடுவார்களா

ஒரு கூட்டத்தில் திணறியதற்காக அனுப்ப முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022ஆம் ஆண்டு பிஎச்டி விதிமுறைகளின்படி இந்தக் குழுவின் வேலையே ஆய்வுக்கு வழிகாட்டுவதும் முன்னேற்றத்தைப் பார்ப்பதும்தான். முன்னேற்றம் திருப்தி இல்லையென்றால் காரணத்தைப் பதிவு செய்து, என்ன திருத்த வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னதையும் செய்யாமல் விட்டால்தான், குறிப்பிட்ட காரணங்களோடு பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். அப்படியென்றால் உங்களுக்கு ஆபத்து, அன்றைக்கு வாய் திக்கியதில் இல்லை. அந்தக் கேள்விக்கு வேலை செய்யாமல் மறுபடி அதே 97 சதவீதத்தோடு போய் நின்றால்தான் ஆபத்து. போன கூட்டத்தின் குறிப்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது ஆளுக்கு ஆள் மாறும்.

காலம் போய்விட்டது என்ற பதற்றமும் கடிதத்தில் தெரிகிறது. அதே விதிமுறையில் அதிகபட்சம் ஆறு வருடம், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் வரை தளர்வு உண்டு. மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை. பத்து வருடம் இழுக்கச் சொல்லவில்லை, மூன்றாம் வருடத்தில் கழுத்தில் கத்தி இல்லை என்கிறேன். ஆய்வேடு கொடுப்பதற்கு முன் இரண்டு கான்ஃபரன்ஸ், ஒரு ஜர்னல் கட்டாயம் என்று எழுதியிருந்தீர்கள். அது 2016 விதிமுறை, 2022இல் யுஜிசி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கலாம், ஆராய்ச்சிப் பிரிவில் போய் நடப்பு விதிமுறை நகலைக் கேட்டு வாங்குங்கள். அது தெரியாமலேயே, இரண்டு நாளில் ஏற்பு, ரெவியூ கிடையாது, முதலில் பணம் என்று சொல்லும் கான்ஃபரன்ஸுக்கு ஓடாதீர்கள். கணினித் துறையில் நல்ல கான்ஃபரன்ஸ் பேப்பருக்கு ஜர்னலுக்கு நிகரான மரியாதை உண்டு. அதனாலேயே போலிகளும் அதிகம்.

சீனியர் காட்டிய கிராஃப்

இதில் உங்கள் கோபம் நியாயம். கிராஃப்பை வரைந்தது, படங்களை எடுத்தது நீங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 57இன்படி படைத்தவர் என்று உரிமை கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டு விதிமுறைகளும் அடுத்தவர் வேலையைத் தன்னுடையதாகக் காட்டுவதைத் திருட்டு என்றே சொல்கின்றன. துறை அளவிலும் நிறுவன அளவிலும் இதற்கென்று குழுக்கள் இருக்க வேண்டும், புகார் வந்தால் துறைக் குழு 45 நாளில் அறிக்கை தர வேண்டும். மின்னணு, கணினிப் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ போன்ற அமைப்புகள் ஆசிரியர் பட்டியலில் யார் வர வேண்டும், யார் வரக்கூடாது என்று தெளிவாக எழுதியே வைத்திருக்கின்றன.

ஆனால் ஒன்றைத் திருத்த வேண்டும். "என் ஐடியாவையும் திருடிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது, நீங்கள் எழுதிய நிரல், வாசகம், படம் ஆகியவற்றுக்குத்தான் உண்டு. முந்திரி இலையில் டீப் லேர்னிங் என்ற யோசனையை யாரும் தனக்கு மட்டும் என்று பூட்டி வைக்க முடியாது.

அப்புறம், சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் உங்கள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே லேபின் கைடுதான். புகாரில் ஆரம்பித்தால் ஒருவேளை ஜெயிப்பீர்கள், அடுத்த இரண்டு வருடம் லேபில் உட்கார முடியாது. நானாக இருந்தால் படிப்படியாகப் போவேன். முதலில் ஆதாரம்: அசல் படங்கள், நிரலில் எப்போது என்ன மாற்றினீர்கள் என்று காட்டும் கிட் பதிவுகள், கைடுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், அந்தப் பேச்சின் ஸ்லைடு கிடைத்தால் அதுவும். பிறகு கைடுக்கு ஒரு மரியாதையான மின்னஞ்சல், குற்றச்சாட்டு மாதிரி இல்லாமல்: "அந்தப் பேச்சில் என்னுடைய மூன்று கிராஃப்கள் இருந்ததாக அறிந்தேன். இது பேப்பராக வந்தால் என் பெயரும் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், இதைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்க முடியுமா?" சீனியர் உங்களிடம் கேட்காமல் கைடிடம் மட்டும் கேட்டு எடுத்திருக்கலாம், லேபின் சொத்து என்று நினைத்திருக்கலாம். பல லேப்களில் இப்படித்தான் நடக்கிறது, அதற்காக அது சரியாகிவிடாது. பேப்பர் இன்னும் வெளியாகவில்லை என்றால் பெயரைச் சேர்ப்பது சுலபம், வெளியான பிறகு பெரும்பாடு. அதனால் இந்த மின்னஞ்சல் ஆர்ஏசி வரை காத்திருக்க வேண்டாம். பதில் வராவிட்டாலோ மிரட்டல் வந்தாலோ துறைத் தலைவர், அதன் பிறகு மேலே சொன்ன குழு, மாணவர் குறைதீர்ப்புக் குழு, கடைசியாக ஆம்புட்ஸ்பெர்சன் எனப்படும் குறைகேள் அதிகாரி. யுஜிசியின் 2023 விதிமுறைகளின்படி இந்தக் கடைசி இரண்டும் எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

ப்ராஜெக்ட் சென்டர் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. எண்ணைத் தடை செய்துவிடுங்கள். அவர்கள் தரும் பிபிடி வேறு யாருக்கும் போகாது என்று என்ன நிச்சயம்? ஆய்வேட்டில் கருத்துத் திருட்டு நிரூபணமானால் பட்டம் வாங்கிய பிறகும் அது நிறுத்திவைக்கப்படலாம். அதெல்லாம் இருக்கட்டும், ஒரே ஒரு கேள்வியில் திணறியவர் நீங்கள். அடுத்தவர் செய்த ஸ்லைடை வைத்துக்கொண்டு நின்றால் எல்லாக் கேள்வியும் அந்தக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆங்கில வாக்கியத்தைத் திருத்த ஏதாவது ஏஐ கருவியைப் பயன்படுத்துவது வேறு, அதற்கும் உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தோழி ஒருவர் பதற்றத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்ததாகவும், அதைப் பிரசன்டேஷன் அன்று போட்டுக்கொள்ள வைத்திருப்பதாகவும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பெயரைப் பார்த்தேன், ப்ரோப்ரனலால். சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு என்று அதே கடிதத்தில் இன்னொரு இடத்தில் சொல்கிறீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை மூச்சுத்திணறலைக் கொண்டுவரக்கூடும், தொடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் போயிருப்பதால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், ஜிப்மரில் அதற்குப் புறநோயாளிப் பிரிவே இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்ல மாட்டேன், தூங்காத ஆள் எடுக்கிற முடிவு அது. தோப்புவாரியாகப் பிரித்து ஓட்டிய எண்ணோடு அடுத்த ஆர்ஏசி முடியட்டும், அதற்குப் பிறகும் விடத் தோன்றினால் எழுதுங்கள், எம்.ஃபில் இல்லாத இந்தக் காலத்தில் இடையில் விலகுவதால் என்னென்ன கிடைக்கும், என்னென்ன போகும் என்று தனியாகப் பார்ப்போம்.